கூரை பார்த்து வாங்கிய வீடு

வட்டகொடையில் ரயில் பாதைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில், அம்மாவின் காம்பராவுக்கு மட்டும்தான் பலாமரக் கதவு. மற்றக் காம்பராக்களில் எல்லாம் தகரம் அடித்த பழைய பலகைகள். நல்ல கனமான, மஞ்சள் பூத்த கதவு அது. ஆனால் சாத்திப் பார்த்தால் ஒரு கோணல் தெரியும். கீல் இருக்கும் பக்கம் தரையோடு ஒட்டி நிற்கும். தாழ்ப்பாள் பக்கம் வர வர அடியில் இடைவெளி அகன்றுகொண்டே வந்து, கடைசியில் ஒரு பூனைக்குட்டி நுழையுமளவுக்கு ஆகிவிடும். பிற்பகல் வெயில் அடிக்கிற நாட்களில் அந்த வழியாக ஒரு முக்கோண வெளிச்சம் உள்ளே வந்து சிமெந்துத் தரையில் கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் கதவைச் செய்த ஆசாரி குடித்திருந்தாரா என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஆசாரி மேல் குற்றமில்லை. அது இன்னொரு வீட்டின் கதவு. அந்த வீட்டுக்கு ஏற்றபடி அதை இழைத்து இழைத்து அப்படி ஆக்கினார்கள். அந்த வீடு என் பெரியம்மாவுடையது.

பெரியம்மா அம்மாவின் அக்கா. இதே லயத்தில் பிறந்து, இதே மலையில் கொழுந்து எடுத்து, கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல் நின்றவள். பிறகு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பளிங்கு பதித்த பெரிய பெரிய வீடுகளில் தரை துடைத்தே கை தேய்ந்தது. போகிற எல்லோரையும் போல நகைக்கும் டிவிக்கும் ஆசைப்பட்டுப் போகவில்லை அவள். அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான். "ஒழுகாத கூரைக்கு அடியில கண்ண மூடணும் புள்ள. அது போதும் எனக்கு." ஊருக்கு வரும்போதெல்லாம் என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே இதைச் சொல்வாள். கேட்பதற்குச் சின்ன ஆசை மாதிரித்தான் இருக்கும். லயத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய ஆசை என்று தெரியும்.

லயத்துத் தகரம் எந்தக் காலத்தில் போட்டது என்று யாருக்கும் தெரியாது. மழை வந்தால் எந்தச் சட்டி எங்கே, எந்த வாளி எங்கே என்று எங்கள் வீட்டில் பேசிக்கொள்ளவே வேண்டாம். கை தானாகக் கொண்டுபோய் வைக்கும். சாமி படத்துக்கு ஓர் இடம் என்றால் ஒழுக்குச் சட்டிக்கும் ஓர் இடம். தோட்டத்து வீட்டில் பிறந்த நாங்கள் எல்லோரும் புது வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அண்ணாந்து பார்ப்போம். அடுத்தவர் வீட்டில் காப்பி குடிக்கப் போனால்கூட அப்படித்தான். இன்றைக்கும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. நாங்கள் அறிந்த எதிரி மேலே இருந்துதான் வந்தான். கீழே இருந்தும் வருவான் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பெரியம்மா ஒரேயடியாக ஊர் திரும்பிய வருஷம், டிக்கோயாவில் ஒரு வீடு விலைக்கு இருப்பதாகத் தரகர் ஒருவர் சொன்னார். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். படித்த பிள்ளை கூட இருக்கட்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மாசி மாதம். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வீடு மெயின் ரோட்டுக்கு மேலே, சரிவில், வாசல் பக்கவாட்டில் பார்க்க நின்றது. புதிதாகச் சுண்ணாம்பு நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் பெரியம்மா மூச்சை இழுத்து, "புது வீடு மாதிரி மணக்குது," என்றாள். வீட்டுக்காரர் வயதான மனிதர். கொழும்பில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். மரியாதையாகத் தேநீர் கொடுத்தார்.

தேநீரைக் குடித்து முடித்த பெரியம்மா கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொன்னாள். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பட்டப்பகலில் எதற்கு என்று என்னைப் பார்த்தார். சாத்தியானதும் இவள் தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்துவிட்டாள். கூரையில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் இருட்டுக்குள் நட்சத்திரம் மாதிரி தெரிந்துவிடும். லயத்தில் மழைக் காலத்துக்கு முன்னால் ஓட்டை கண்டுபிடிக்கிற முறை அது. முன்னறை, நடு அறை, சமையலறை என்று சால்வையை இழுத்துக்கொண்டு போய் ஒவ்வோர் இடத்திலும் படுத்துப் பார்த்தாள். எழும்பி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல புள்ள," என்று என் காதில் சொன்னாள். பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பி, "ஒழுகுமாங்க ஐயா?" என்று கேட்டாள். "ஒரு சொட்டு ஒழுகாதும்மா. சாமி சத்தியமா," என்றார் அவர். அது சத்தியமான பேச்சுத்தான். கேட்ட கேள்விக்கு அவர் பொய் சொல்லவில்லை. பெரியம்மா கேட்டதோ அந்த ஒரே கேள்வி.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் முறையாகவே செய்தோம். அட்டனில் இருந்து வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டி வந்தோம். அவர் திசைகாட்டியை வைத்துப் பார்த்து, அடுப்பு அக்கினி மூலையில் இருக்கிறது, அமோகமாக இருப்பீர்கள் என்றார். காணி உறுதிப் பத்திரத்தைப் படித்த சட்டத்தரணி காணியில் வில்லங்கம் இல்லை என்றார். காகிதத்தில் வில்லங்கம் இல்லைதான். மண்ணைப் பார்ப்பது அவர் வேலையும் இல்லை. சித்திரை பிறந்ததும் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினோம். பால் கிழக்கே பார்த்துப் பொங்கியதில் எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள், வாங்கிப் பார் என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். கட்டுகிறவனுக்காவது தன் வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

அந்த வீட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. மலைச் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே பள்ளத்துப் பக்கம் கொட்டித் தட்டையாக்கி, அதன்மேல் கட்டியிருந்தார்கள். வீட்டில் பாதி உறுதியான மலையில் நின்றது. மறுபாதி கொட்டிய மண்ணில் நின்றது. பின்னால் வெட்டிய மண்சுவரில் இருந்து மழைக் காலம் முழுக்கத் தண்ணீர் கசியும். அது ஓடிப்போக ஒரு கான், ஒரு வாய்க்கால் கிடையாது. நாங்கள் போனது வெயில் காலம் என்பதால் அந்தச் சுவர் காய்ந்து கிடந்தது. அதில் பச்சைப் பாசி படர்ந்திருந்ததை நானும் பார்த்தேன். குளிர்ந்த ஊர் என்று நினைத்துக்கொண்டேன். நடு அறைச் சுவரில் சாமி படக் கலண்டர் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சாமி படமாயிற்றே என்று பெரியம்மாவும் அதை எடுக்கவில்லை.

ஆனி மழை இறங்கியது. பெரியம்மா எனக்குப் போன் பண்ணி, போனைக் கூரைப் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "ஒரு சட்டி வைக்கல புள்ள. வெறுந்தரை. கைய வீசிக்கிட்டு நடக்குறேன்," என்றாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவள் குரலில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அதே மழையில்தான் முன்கதவு முதன்முதலாகத் தரையில் உரசியது. பலாமரக் கதவு அவளுக்கு உயிர். தனக்கென்று ஒரு சாவி அவள் கைக்கு வந்ததே அந்தக் கதவால்தான். பாஸ் என்று நாங்கள் அழைக்கும் தச்சர் ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் பார்த்துவிட்டு, மழைக்கு மரம் ஊதும், எல்லா வீட்டிலும் உள்ளதுதான் என்று சொல்லி, தாழ்ப்பாள் பக்கம் அடியில் கொஞ்சம் இழைத்துக் கொடுத்தார். எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. மழைக்கு மரம் ஊதுவது உலகம் அறிந்த விஷயம். ஊதிய மரம் வெயிலில் திரும்பச் சுருங்க வேண்டும் என்பதும் உலகம் அறிந்ததுதான். மாசி வந்தும் கதவு தளரவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. அடுத்த மழைக்கு மறுபடி உரசியது, மறுபடி இழைத்தார்கள். அதற்கடுத்த மழைக்கும் அப்படியே. மரம் ஊதவில்லை. கீல் மாட்டிய பக்கத்துச் சுவர் பள்ளத்தை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நிலை சாயச் சாய, கதவை அதற்கேற்றபடி வெட்டிக்கொண்டிருந்தோம்.

பெரியம்மாவுக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்துவிட்டது. ஒரு கட்டத்தில் விருந்தாளிகளை நடு அறைக்குள் விடமாட்டாள். "உள்ள துணி காயுது," என்பாள். அலமாரியின் ஒரு காலுக்கு அடியில் அட்டைகளை மடித்து வைத்திருந்தாள். கலண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கலண்டர் வந்தது. பள்ளிக்கூட விடுமுறைக்குப் போயிருந்த ஒரு நாள், அவள் கடைக்குப் போன நேரம் நான் அவற்றைத் தூக்கிப் பார்த்தேன். உத்தரம் தொடங்கித் தரை வரை சுவர் வெடித்திருந்தது. வெடிப்பின் வாயில் சிமெந்தைக் குழைத்து விரலாலேயே அப்பியிருந்தாள்; விரல் பதிந்த தடம் வரிசையாகத் தெரிந்தது. திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "எல்லா வீட்டுலயும் சின்னச் சின்ன வெடிப்பு இருக்கும் புள்ள. ஒன் அம்மாகிட்ட சொல்லிராத," என்றாள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரத்தில் ஏறத்தான் வேண்டும் என்று சொல்லிச் சிரிக்கவும் பார்த்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ரோட்டு வளைவில் சாமானும் தேநீரும் விற்கிற, நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம் நான்தான் போய்க் கேட்டேன். அந்த வீடு எப்போதுமே இப்படித்தானா என்று. அவர் தராசைத் துடைத்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். "மழைக்கு மழை வித்தவங்க செவத்தப் பூசுறத இந்த ரோட்டுல எல்லாரும் பாத்திருக்காங்க டீச்சர். நீங்க வாங்குறதுக்கு முந்தி ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காம நானே வந்து சொன்னா, விக்கிறவரு என்னயப் பத்தி என்ன நினைப்பாரு?" அவர் சொன்னதில் தப்பில்லை. தேநீர் வாங்கிக் குடிக்க அந்தக் கடைக்கு நாங்கள் போகவில்லை. வீட்டுக்காரர் கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

பிறகு ஒரு பெருமழையில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மண் சரிந்தது. சரிவுகளைப் பார்க்க வந்த அதிகாரிகள் பெரியம்மாவின் வீட்டுக்கும் வந்தார்கள். கலண்டர்களைக் கழற்றினார்கள். பின்னால் போய் மண்சுவரைப் பார்த்தார்கள். தரையில் ரசமட்டத்தை வைத்தார்கள். அதன் குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கிப்போய் நின்றது. இங்கே இனி இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மா அவர்களிடம் சிங்களத்தில்தான் பேசினாள். கையைக் கட்டிக்கொண்டு, துரையிடம் பேசுகிற மாதிரி, "கூரை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை மாத்தயா," என்று சொன்னாள். ஒரு தடவை இல்லை. ஒவ்வோர் அதிகாரியிடமாகப் போய்ச் சொன்னாள். அவர்களில் இளைஞனாக இருந்த ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாமான்களை லொறியில் ஏற்றினோம். எல்லாம் ஏற்றி முடித்த பிறகும் அவள் வாசலை விட்டு நகரவில்லை. கதவைக் கழற்றச் சொன்னாள். கதவில்லாத வீடு நாய்க்கும் ஆட்டுக்கும் ஆகிவிடும் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். "நாயாச்சும் இருக்கட்டுமே," என்றாள் பெரியம்மா. கதவை லொறித் தட்டில் நிறுத்தி, தானும் அதன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, டிக்கோயாவில் இருந்து வட்டகொடை வரை ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அம்மாவின் காம்பராக் கதவு உளுத்துப்போயிருந்ததால் இதை அங்கே மாட்டினார்கள். லயத்து நிலை பழசுதான், ஆனால் நேராக நின்றது. அந்த நேர் நிலையில் நிறுத்திய பிறகுதான், டிக்கோயா வீடு எவ்வளவு தூரம் சாய்ந்திருந்தது என்று எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அங்கே கச்சிதமாகச் சாத்திய கதவு இங்கே அடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மாட்ட வந்த பாஸ், ஒரு துண்டுப் பலகை ஒட்டுப்போட்டுச் சரிசெய்து தருகிறேன் என்றார். பெரியம்மா வேண்டாம் என்றாள். குளிர்காற்று வருமே என்று அம்மா சொன்னாள். பெரியம்மா சாக்கு ஒன்றைச் சுருட்டி அந்த இடைவெளியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் அதிக காலம் இருக்கவில்லை. நெஞ்சுச் சளி என்றார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அவள் போனது ஒரு மழை நாள், பகல் வேளை. கட்டிலுக்குப் பக்கத்தில் அலுமினியச் சட்டி ஒன்றில் தகரத்துத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவள் காதில் விழக்கூடாது என்று நான் சட்டிக்குள் ஒரு துணியைப் போட்டு வைத்தேன். அவளுக்குக் கேட்டதோ என்னவோ. ஒழுகாத கூரைக்கு அடியில் கண்ணை மூட வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் கேட்காத ஒருத்திக்கு, அதைக்கூடக் கொடுக்க எங்களால் முடியவில்லை.

இப்போது அட்டனில் நானும் என் கணவரும் ஒரு வீடு வாங்கப் போகிறோம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கட்டடப் பரிசோதகர் ஒருவரைக் கூட்டிப் போக வேண்டும் என்று நான் சொன்னதும் மாமியார் வாயில் கையை வைத்துக்கொண்டார். "பொண்ணு பாக்கப் போற எடத்துக்கு டாக்டரக் கூட்டிட்டுப் போவாங்களா? விக்கிறவங்க மனசு நோகாதா?" நோகட்டும் என்றேன். பேங்கில் இருந்து ஏற்கெனவே ஒருவர் வந்து பார்த்துவிட்டாரே என்றார் கணவர். அவர் பார்த்தது கொடுக்கிற கடனுக்கு வீடு ஈடாகுமா என்பதை. நாங்கள் உயிரோடு இருப்போமா என்பது அவர் கணக்கில் வராது. தரகர் தனக்குத் தெரிந்த பரிசோதகரை அனுப்புவதாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு, அவருக்கும் வீட்டுக்காரருக்கும் தெரியாத ஆளை நானே தேடிப் பிடித்தேன். வெயில் நாளில் வர அவர் தயாராக இருந்தார். ஆடி மழை பிடிக்கும்வரை காத்திருந்துதான் கூட்டிப்போனேன். அதற்கு முன்னால் அந்தத் தெருக்கோடிக் கடையில் நானும் கணவரும் உட்கார்ந்து சாவதானமாகத் தேநீர் குடித்தோம்.

அவர் குடையைப் பிடித்துக்கொண்டு முதலில் வீட்டுக்குப் பின்னால் போனார். மேல் சரிவில் மரங்கள் நேராக நிற்கின்றனவா, தண்ணீர் எங்கே இறங்குகிறது, இறங்கியது எங்கே போகிறது என்று பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். கதவுகளைத் திறந்து மூடி, ஒவ்வொன்றுக்கும் அடியில் குனிந்து பார்த்தார். கூரை மேலும் ஏறினார். ஆனால் கடைசியாகத்தான் ஏறினார். "வாங்குங்க, வாங்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். இருக்குறது என்னன்னு சொல்லுவேன். அதுக்கு மேல ஒங்க முடிவு," என்றார். மண் வெட்டாத பழைய நிலம், அத்திவாரம் நன்றாக இருக்கிறது, பின்பக்கம் ஒரு கான் மட்டும் வெட்டிவிட வேண்டும் என்று சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் பதறிப்போய், "கான் வெட்டுறது சின்ன வேலதாங்க டீச்சர். அதுக்குப் போயி அழுவாங்களா?" என்று சமாதானப்படுத்தினார். அவர் வீட்டைப் பார்த்து முடித்தது அரை நாள் வேலைதான். இந்த அரை நாளைப் பெரியம்மாவுக்குச் செய்து கொடுக்க எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

போன கிழமை வட்டகொடைக்குப் போயிருந்தேன். மழை விட்டு வெயில் அடித்தது. அக்காவின் ஞாபகமாக அந்தக் கதவைப் புது வீட்டுக்குக் கொண்டுபோ, ஒட்டுப் பலகை வைத்தால் பொருந்திவிடும் என்று அம்மா சொன்னாள். நான் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கோண வெளிச்சம் தரையில் வந்து கிடந்தது. கடைசி நாட்களில் பெரியம்மா இதே கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, சாக்கை எடுத்துவிடச் சொல்லி, அந்த வெளிச்சத்தையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு பிற்பகலில், "இத நேராக்கிப்புடலாமே பெரியம்மா, பாக்கக் கோணலா இருக்கே," என்று நான் கேட்டேன். அவள் தலையை அசைத்தாள்.

"கோணல் ஒண்ணும் இல்ல புள்ள," என்றாள். "அந்த வீட்டுக்கு அது சரியாத்தான் இருந்துச்சு."